எழுதாம விட்ட எண்பத்தெட்டு

ஆம்பள ஒருத்தன் நர்ஸிங் படிச்சுட்டா ஊருக்குள்ள எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். "ஏம்ப்பா, அந்த வேலையில அப்பிடி என்ன சந்தோசத்தக் கண்ட?" கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனா அது நக்கலு. என்னயப் பெத்த அத்தாவுக்கு விருதுநகர் பஜார்ல பருப்பு மண்டி. "கடையில ஒக்காந்தா மொதலாளி. அத விட்டுட்டு சீக்காளிக்கு மூத்திரச் சட்டி எடுக்கப் போறானாம்"னு ஒரு மாசம் எங்கிட்ட பேசவே இல்ல. சரிதான் போங்கன்னு நான் சிவகாசியில முப்பது பெட்டு இருக்குற ஒரு ஆஸ்பத்திரியில சேந்துட்டேன். பொம்பள நர்ஸ சிஸ்டர்னு கூப்புடுற மாதிரி எங்கள பிரதர்னு கூப்புடுவாக. அங்க இருந்த ஒரே பிரதர் நான்தான்.

என்ன சந்தோசம்னு கேட்டா அப்ப எங்கிட்ட பதில் கைவசம் இருந்துச்சு. கைராசி. ஊசி போட்டா வலிக்காது, கட்டுப் பிரிச்சா தோலு ஒட்டி வராது. "அந்தப் பிரதர் வரட்டும்"னு சனங்க காத்துக் கெடக்கும். அதக் கேக்குறப்ப ஒரு கெத்து வரும் பாருங்க, சம்பளம்லாம் அதுக்குப் பெறகுதான். வந்தவுகள மளமளன்னு பாத்து, சிரிக்க வச்சு, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிரணும். இதுதான் நம்ம ஸ்டைலு.

எங்கூட டூட்டி பாத்த சிஸ்டர் என் வயசுதான், அவளுக்கு வேற மாதிரி. "டிஸ்சார்ஜ் ஆனவுக பெட்டுல பழைய விரிப்ப உருவிட்டு புது விரிப்பு போடுறேன்ல, அந்த ஒரு நிமிசம்தான்லே எனக்கு சந்தோசம்"பா. டாக்டரம்மாகிட்ட ஒரு நாள் இதையே கேட்டோம். "ஒரு நாளாச்சும் சோத்த சூடாத் திங்கணும்"னு சொல்லிட்டு ஆபரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டாக.

இப்ப விசயத்துக்கு வர்றேன். தியேட்டர்ல இருக்குறது போக, எங்க ஆஸ்பத்திரியில வெரல்ல மாட்டுற கிளிப்பு மிசினு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ரத்தத்துல ஆக்சிஜன் எம்புட்டு இருக்குன்னு காட்டும். தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருந்தா நிம்மதி. தொண்ணூறுக்குக் கீழ போனா ஓடணும். உலகம் பூரா இதான் கணக்கு. சிவகாசியில மட்டும் அந்தக் கணக்குல ஒரு ஓட்ட உண்டு. பட்டாசுக் கம்பெனியில மருந்து அடைக்கிறவுக கையி பூரா அலுமினியத் தூளு அப்பிக் கெடக்கும். வெரலு, நகம், நகக்கண்ணு, எல்லாம் வெள்ளி பூசுன மாதிரி மினுங்கும். மிசினோட வெளிச்சம் அதத் தாண்டிப் போகாது. எழுவதுங்கும், எண்பதுங்கும், சில நேரம் ஒண்ணுமே காட்டாது. மனுசன் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருப்பான், மிசினு அவனுக்கு சாவு ஓலை எழுதும்.

அதனால எங்க வார்டுல ஒரு பழக்கம். ஸ்பிரிட் பஞ்ச வச்சு வெரலத் தேச்சு விட்டுட்டு மறுபடி மாட்டணும். சீசன்ல, கூட்டம் அம்முற நேரத்துல அதுவும் கெடையாது. "வெள்ளிக் கையிடா, மூஞ்சியப் பாரு"ன்னு விட்டுருவோம். வேலை முடிஞ்சதும் கிளிப்புக்குள்ள இருக்குற ரப்பரத் தொடைப்போம். பஞ்சு கருகருன்னு சாம்பக் கலருல வரும். எம்புட்டு பேருக்கு அப்பிடி விட்டுருக்கேன்னு கணக்கே கெடையாது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அதான் பிரச்சனையே.

தீவாளிக்கு மூணு வாரம் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணி. டாக்டரம்மா தியேட்டர்ல ஒரு பிரசவ ஆபரேசன்ல நிக்கிறாக. மயக்க டாக்டரும் உள்ள. கேசுவாலிட்டியில நான் மட்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்து ஒரு கம்பெனி வேன் வந்து நின்னுச்சு. உள்ள ஏழெட்டு பொம்பளைக. முன்னாடி போர்மேன் எறங்குனாரு, பின்னாடி ஒரு அக்கா. நாப்பது வயசு இருக்கும். தானா நடந்து வந்தாக. சேலை, தலைமுடி, காது மடலு எல்லாம் வெள்ளி.

"ஒண்ணுமில்ல தம்பி, பக்கத்து ரூம்ல ஒரு சாக்கு பொசுக்குன்னு பிடிச்சிருச்சு, இவுக அத இழுத்துப் போட்டு அமத்திட்டாக. முழங்கையில லேசா சுட்டுருக்கு. ஒரு கட்டப் போட்டு விட்டீகன்னா கூட்டிட்டுப் போயிருவேன்." போர்மேன் நின்னுக்கிட்டே பேசுனாரு. வேன்ல மத்தவுக காத்துக்கெடக்காகன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அந்தக்கா என்னய மேலயும் கீழயும் பாத்தாக. "யாரு, நீயா கட்டப் போற? சிஸ்டரு இல்லையாக்கும்?"

"நான்தான் சிஸ்டரு. மீச வச்ச சிஸ்டரு."

"ஆத்தீ! ஒன்னயக் கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவடா. சீக்கு வந்தா வெளிய போக வேண்டாம்." சிரிச்சாக. சிரிச்சதும் ஒரு செருமல். தொண்ட கரகரன்னு இருந்துச்சு. கம்பெனியில கத்திக் கத்திப் பேசுறவுகளுக்கு எல்லாருக்கும் அந்தக் கரகரப்பு உண்டு.

இடது கை முழங்கைக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குத் தோலு செவந்து ரெண்டு கொப்புளம். இத மாதிரி நாளுக்கு நாலு பாக்குறோம். வலது கை வெரல்ல கிளிப்ப மாட்டிட்டு நான் இடது கையத் தண்ணி விட்டுக் கழுவ ஆரம்பிச்சேன். மிசினு பீப் பீப்புனுச்சு. திரும்பிப் பாத்தேன். எண்பத்தெட்டு.

"என்ன தம்பி, நான் பாஸா பெயிலா?"

"மிசினுக்கு ஒங்க வெள்ளிக் கையப் பாத்து கண்ணு கூசுதுக்கா. நீங்க பாஸு."

சொல்லிட்டேன். கேஸ் சீட்டுல அந்தக் கட்டத்துல எதையும் எழுதல. வெள்ளிக் கைக்கு நாங்க யாருமே எழுத மாட்டோம். நாடி எழுதுனேன், பிரசர் எழுதுனேன், அந்தக் கட்டம் காலி.

"டாக்டரம்மா வர்ற வரைக்கும் ஒரு அரை மணி நேரம் இருங்களேன்"னு ஒரு சம்பிரதாயத்துக்குச் சொன்னேன். அந்தக்கா பதறிட்டாக. "ஐயோ, அந்தியில மகளப் பொண்ணு பாக்க வர்றாக தம்பி. அஞ்சரைக்கெல்லாம் வந்துருவாக. சாத்தூருல இருந்து வர்றாக. நான் வீட்டுல இல்லன்னா நல்லாவா இருக்கும்?" போர்மேனும் "எழுதிக் குடுத்து விடுங்க தம்பி, நாளைக்கு வந்து காட்டச் சொல்லுதேன்"னாரு.

எனக்கு என்ன வேணும்? ரெண்டு பேரும் சந்தோசமாப் போகணும். ஊசி போட்டேன், கட்டுப் போட்டேன், மாத்திரை குடுத்தேன். "வலிக்கவே இல்லையே, நல்ல கைராசி ஒனக்கு"ன்னு அந்தக்கா சொன்னாக. கொஞ்சம் தண்ணி கேட்டு வாங்கி, ரெண்டு மொடக்கு குடிச்சுட்டு முகத்தச் சுளிச்சாக. வேன்ல ஏத்தி விட்டு டாட்டா காட்டாத கொறதான். எனக்கு அப்பிடி ஒரு குஷி.

உள்ள வந்து மேசையத் தொடைச்சேன். கிளிப்பத் தொறந்து ஸ்பிரிட் பஞ்ச உள்ள விட்டுத் தேச்சேன். பஞ்சு வெள்ளையா இருந்துச்சு.

இன்னொரு பஞ்சு எடுத்துத் தேச்சேன். அதுவும் வெள்ளை. எங்கயாச்சும் ஒரு கோடு, ஒரு மினுக்கம், எதுவும் இல்ல. கிளிப்ப என் வெரல்ல மாட்டுனேன். தொண்ணூத்தெட்டு. மிசினு நல்லாத்தான் இருக்கு. அப்ப அந்தக்கா வெரலும் சுத்தமாத்தான் இருந்துருக்கு. நான் சேலையப் பாத்தேன், தலையப் பாத்தேன், காயத்தப் பாத்தேன், வெரலப் பாக்கவே இல்ல.

அப்ப எண்பத்தெட்டு நெசம்.

ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. கரகரப்பு. செருமல். தண்ணி முழுங்குறப்ப முகம் சுளிச்சது. சாக்கு எரிஞ்சதுன்னா புகை. ரூம்னா மூடுன ரூம். அம்புட்டு கந்தகப் புகையையும் உள்ள இழுத்துருக்காக. தொண்டைக்குள்ள வெந்துருந்தா ஒடனே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா வீங்கி வந்து ஒரேயடியா அடைச்சிரும். மூணாவது வருசம் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்குனவன் நானு. "புகைக்குள்ள எம்புட்டு நேரம் இருந்தீக"ன்னு ஒரு வார்த்த கேக்கல.

வாசலுக்கு ஓடுனேன். வேன் இல்ல. ரிஜிஸ்டர்ல போர்மேன் செல்லு நம்பர் இருந்துச்சு. அடிச்சா சுவிட்ச் ஆப்பு. பட்டாசுக் கம்பெனிக்குள்ள செல்லு ஆன்ல இருக்கக்கூடாதுன்னு காலையில ஆப் பண்ணுறவுக, சாயந்தரம் வீட்டுக்குப் போயித்தான் ஆன் பண்ணுவாக. வார்டுல இருந்து சிஸ்டர் வந்தா.

"என்னலே பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

சொன்னேன். அவ என்னயத் திட்டல, அதுவே பயமா இருந்துச்சு. "எத்தன நிமிசம் ஆச்சு?"

"பத்து இருக்கும்."

"என் ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போ. டிரைவரண்ணன் சாப்புட ஒக்காந்துருக்காரு, எழுப்பிக் கூட்டிட்டு ஆக்சிஜனோட நம்ம ஆம்புலன்சு ஆம்னியில நான் பின்னாடியே வாரேன். தியேட்டருக்கும் சொல்லிட்டு வாரேன். போ!"

அந்த ஸ்கூட்டிய நான் அன்னைக்கு ஓட்டுன ஓட்டு இருக்கே, அத்தா பாத்துருந்தா அடுத்த மாசமும் பேசிருக்க மாட்டாக. எதுக்க காலண்டர் பண்டல் ஏத்துன மினிலாரி, நடுவுல மாடு, எல்லாத்தையும் நெளிஞ்சு போனேன். மனசுக்குள்ள ஒரே வேண்டுதல்: ரயில்வே கேட்டு அடைச்சிருக்கணும். தெனம் அந்தக் கேட்டுல நின்னு கெட்ட வார்த்த பேசுறவன் நான்.

அடைச்சிருந்துச்சு. லாரி, பஸ்ஸு, சைக்கிளு, வண்டி மாடு, ஒரு பர்லாங்கு தூரத்துக்கு நிக்கிது. ஓரத்துல ஸ்கூட்டியப் போட்டுட்டு ஓடுனேன். முன்னாடியில இருந்து ஆறாவதோ ஏழாவதோ அந்த வேன். கதவத் தொறந்தேன்.

பொம்பளைக எல்லாம் வெளிய ரயிலப் பாத்துக்கிட்டு இருக்காக. அந்தக்கா சன்னல் ஓரம் தலையச் சாச்சிருந்தாக.

"தூங்குதாக தம்பி, எழுப்பாதீக. வேலை அலுப்பு"ன்னாரு போர்மேன்.

தூங்குறவுக கழுத்துக் குழி அப்பிடி உள்ள இழுத்து இழுத்து அடங்காது. மூச்சு வாங்குறப்ப 'கீ'ன்னு ஒரு சத்தம். ஒதடு ஊதா கலந்த சாம்பலு. "அக்கா, யக்கா, இங்கன பாருங்க"ன்னேன். கண்ணு தொறந்துச்சு. வாயி அசைஞ்சுச்சு. சத்தம் வரல.

வெரலப் பிடிச்சுப் பாத்தேன். தேச்சுக் கழுவுன கையி. நகக்கண்ணுல கூட ஒரு பொட்டு வெள்ளி இல்ல.

"காலையில இருந்து லேபிள் ஒட்டுற வேலைதான் கேட்டு வாங்குனா"ன்னு பக்கத்துல இருந்த அம்மா அழ ஆரம்பிச்சுட்டாக. "மாப்ள வீட்டாருக்கு வெள்ளிக் கையோடவா காப்பி நீட்டுறதுன்னு, அந்தச் சாக்குத் தூளு மேல பூரா அப்பியும், தீய அமத்திட்டு மொத வேலையா கைய மட்டும் சோப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேச்சா தம்பி."

"எறக்குங்க. திரும்பப் போகணும்."

"வண்டியத் திருப்ப முடியாதுய்யா, பின்னாடி பாரு!"

பாத்தேன். ஒரு சைக்கிளு நுழைய எடமில்ல. வரிசைக்குக் கடைசியில ஆம்னியோட ஹாரன் சத்தம் கேக்குது. சிஸ்டர் வந்துட்டா. ஆனா நடுவுல அம்பது வண்டி.

"நான் தூக்குறேன். காலப் பிடிங்க." அந்தக்காவ ஒக்காந்த வாக்குலயே தூக்கணும், படுக்க வச்சா இருக்குற மூச்சும் போயிரும். நான் கக்கத்துல கை குடுத்தேன். போர்மேன் ஒரு பக்கம், ரெண்டு அக்காமாரு காலுப் பக்கம். வண்டிகளுக்கு நடுவுல, புகைக்கு நடுவுல, ஓட்டமும் நடையுமா. முன்னாடி ஒரு அம்மா "வழி விடுங்கய்யா, உசுரு போகுது, வழி விடுங்க"ன்னு லாரித் தகரத்துல கையால அடிச்சுக்கிட்டே போனாக. ரயிலு பின்னாடி தடதடன்னு போகுது. என் காதுல அந்தக் 'கீ' சத்தம் மட்டும்தான். அது நின்னுறக் கூடாது. நடுவுல ஒரு தடவ நின்னுச்சு. நானும் நின்னுட்டேன். மறுபடி வந்துச்சு.

ஆம்னிக்குள்ள ஆக்சிஜன மாட்டிட்டு சிஸ்டர் என் மூஞ்சியப் பாத்தா. "டாக்டரம்மா தையல் போட்டுக்கிட்டு இருக்காக. மயக்க டாக்டர் கெளம்பப் பாத்தாரு, அவர் கார் சாவிய நான் எடுத்து வச்சுட்டேன்."

"என்னது?"

"கேட்டா குடுப்பேன்லே. எங்கயும் போகல, இருக்காரு. நீ கழுத்த நிமுத்திப் பிடி."

நெசமாவே அவர் வாசல்ல நின்னாரு, சாவியத் தேடிக்கிட்டு. அந்தக்காவப் பாத்ததும் சாவிய மறந்துட்டாரு. மூக்குக்குள்ள டார்ச் அடிச்சாரு, உள்ள கரி. வாயத் தொறந்து பாத்துட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போனா மூச்சுக்கொழாயில டியூபே போகாது, இப்பவே"ன்னாரு. கையில அவர் எடுத்தது பெரியவுகளுக்குப் போடுற டியூப்பு இல்ல, அதவிட ரெண்டு சைஸ் சின்னது. மொத தடவ போகல. ரெண்டாவது தடவ போகல. மானிட்டர் மாதிரி கத்த எதுவும் அங்க இல்ல, கிளிப்பு மிசினு மட்டும். எழுவத்தாறு, எழுவத்தொண்ணு, அறுவத்து நாலு. பொய் சொல்லுதுன்னு நெனைக்க இப்ப எனக்கு ஆச. மூணாவது தடவ போச்சு. டியூப்புல மாட்டுன மூச்சுப் பலூன நான் அமுக்குனேன். நெஞ்சு ஏறுச்சு.

டாக்டரம்மா கையொற கூட கழட்டாம வந்து கேஸ் சீட்ட எடுத்தாக. "வந்தப்ப சாச்சுரேசன் எம்புட்டு? ஏன் கட்டம் காலியா இருக்கு?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான். 'மிசினு வேல செய்யல மேடம்'னு ஒரு பொய்யி நாக்கு நுனியில ரெடியா நின்னுச்சு. யாருக்கும் தெரியப் போறதில்ல. சிஸ்டர் கூட வாயத் தொறக்க மாட்டா.

"எண்பத்தெட்டு மேடம். வெள்ளிக் கைன்னு நெனச்சேன். எழுதல. நானே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அவுக என்னயப் பாத்த பார்வைய இன்னைக்கும் நான் சரியாச் சொல்லத் தெரியாம கெடக்கேன். "எழுது. எத்தன மணிக்குப் பாத்த, எத்தன மணிக்கு எழுதுற, ரெண்டையும் போட்டு எழுது. மத்தது அப்புறம். நம்மகிட்ட வெண்டிலேட்டர் இல்ல. மதுரைக்கு நீதான் பலூன் அமுக்கிட்டுப் போற. விட்டேன்னா இவுக இல்ல. புரியுதா?"

எழுதுனேன். பாத்த மணி, எழுதுன மணி, நடுவுல எண்பத்தெட்டு.

ஆம்னி கெளம்புற நேரம் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்னுச்சு. பின்னாடி இருந்து ஒரு புள்ள குதிச்சுச்சு. பட்டுச்சேலை, தல நெறைய பூவு, மையி பாதி அழிஞ்சு போயி. மகள்னு சொல்ல வேண்டியதே இல்ல, அதே மூக்கு. ஏறி எனக்கு எதுக்க ஒக்காந்துச்சு. அம்மா காலப் பிடிச்சுக்கிச்சு.

அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ அமுக்கணும். வேகமா அமுக்குனா நுரையீரல் தாங்காது, மெதுவா அமுக்குனா மூச்சு பத்தாது. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே போறேன். ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் டியூப்பு உருவிருமோன்னு ஒரு கையால தாடையோட சேத்துப் பிடிச்சிருந்தேன். விருதுநகர் பைபாஸ் தாண்டுறப்பதான் அந்தப் புள்ள மொத தடவ பேசுச்சு.

"கட்டுப் போட்டு அனுப்பிட்டாகன்னுல வேன்ல இருந்த அத்த சொன்னாக. அனுப்புனது யாரு?"

ரெண்டு, மூணு, நாலு, அமுக்கு. "நான்."

"டாக்டரு பாக்கலையா?"

"இல்ல. நான்தான் போகச் சொன்னேன். மிசினு கம்மியாக் காட்டுச்சு. தப்பாக் காட்டுதுன்னு நெனச்சேன்."

அந்தப் புள்ள அம்மா காலுக்கு மேல போர்வைய இழுத்து விட்டுச்சு. திட்டிருந்தா நல்லாருந்துருக்கும். நான் எண்ணுறதத் தவிர வேற எதுவும் செய்ய முடியாது, எந்திரிச்சு ஓட முடியாது, மன்னிப்புக் கேக்குறதுக்குக் கூட எண்ணிக்கைய விட முடியாது.

கள்ளிக்குடி வர்றதுக்குள்ள என் வெரலு மரத்துப் போச்சு. கட்டைவெரலு தானா மடங்கிக்கிருச்சு, விரிக்க முடியல. கை மாத்துனேன். இடது கையில அம்புட்டு பலமில்ல. நெஞ்சு சரியா ஏறல. கிளிப்புல தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி ரெண்டு. திருமங்கலம் முன்னாடி எதோ ஊர்வலம், வண்டி நகரல.

"தாங்க"ன்னுச்சு அந்தப் புள்ள.

"ஒன்னால முடியாதும்மா."

"பத்து வயசுல இருந்து தீப்பெட்டி ஒட்டுன கையி. ஒங்க கையி மாதிரி சோந்து போகாது. எப்பிடின்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். நான் எண்ணுனேன், அது அமுக்குச்சு. மொத நாலஞ்சு தடவ கோணலாப் போச்சு. அதுக்குப் பெறகு கடிகாரம் தோத்துரும். தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தாறு. வளையலு கிலுங்குற சத்தத்த வச்சே நான் எண்ணலாம் போல இருந்துச்சு. மதுரை பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல எறக்குற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. உள்ள வெண்டிலேட்டர் மாட்டுனவரு "யாரு கொண்டாந்தது?"ன்னு கேட்டாரு. அந்தப் புள்ள என்னயக் காட்டல, தன்னயும் காட்டல. "நாங்க"ன்னுச்சு.

அதுக்குப் பெறகு அஞ்சு நாளு நான் நல்லாத் தூங்கல. வேலைக்குப் போனேன். டாக்டரம்மா எல்லாரையும் நிக்க வச்சு, "இனிமே எந்தக் கையா இருந்தாலும் வெரலத் தொடச்சு, ரெண்டு தடவ பாத்து, ரெண்டையும் எழுதணும்"னு சொல்லிட்டாக. எம் பேரச் சொல்லல. அதுக்கு அவுக சொல்லிருக்கலாம். ஒரு தாத்தா ஊசி போட்டதும் "கைராசி தம்பி ஒனக்கு"ன்னாரு. ட்ரேயத் தூக்கிக்கிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். வேலைய விட்டுட்டு மண்டியில போயி ஒக்காந்துரலாமான்னு நெசமாவே யோசிச்சேன். அத்தாகிட்ட சொன்னேன், நடந்தத பூராவும். பருப்பு மூடைய எண்ணிக்கிட்டு இருந்தவுக எண்ணுறத நிப்பாட்டுனாக. "அந்தப் பொம்பள இப்ப எப்பிடி இருக்கு?"

"தெரியல."

"தெரியாம இங்க என்னத்துக்கு வந்து நிக்க? போயிப் பாருலே."

லீவு நாள்ல பஸ் ஏறுனேன். மதுரையில அந்த வார்டுக்குள்ள ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம், அதுக்கு ஒரு அட்டை. அது மகள்கிட்ட இருந்துச்சு. வராண்டாவுல தரையில ஒக்காந்து இட்லிப் பொட்டலம் பிரிச்சுக்கிட்டு இருந்த புள்ள என்னயப் பாத்ததும் பொட்டலத்த மூடிருச்சு.

"நேத்து டியூப்ப எடுத்துட்டாக"ன்னுச்சு. அம்புட்டுதான். அட்டைய நீட்டுச்சு.

உள்ள போனேன். சாஞ்ச மாதிரி படுத்துருந்தாக. வெள்ளி எல்லாம் போயி, முகம் வத்திப் போயி, யாரோ மாதிரி. மூக்குல ஆக்சிஜன் கொழாயி. என்னய அடையாளம் தெரியல.

"யாருலே நீ?" காத்துதான் வந்துச்சு, வார்த்தைய நான்தான் ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். இருந்தாலும் அது குரலு. அந்தக் கேட்டுல வாயி அசைஞ்சு சத்தம் வராமப் போன எடத்துல இருந்து திரும்பி வந்த குரலு. எனக்குக் கண்ணு நெறைஞ்சிருச்சு. கெத்தாவது ஒண்ணாவது.

"சிவகாசி பிரதருக்கா. கட்டுப் போட்டேன்ல."

"ஓ. மீச வச்ச சிஸ்டரா." கொஞ்ச நேரம் மூச்ச வாங்கிட்டு, "ரோட்டுல என்னயத் தூக்கிட்டு ஓடுனியாமுல்ல. அவளுக சொன்னாளுக. நீ நல்லாருக்கணும்."

அப்பிடியே தலைய ஆட்டிட்டு வந்துருக்கலாம். ஆப்பிளு வாங்கிட்டுப் போயிருந்தேன், அத வச்சுட்டு, ஒரு கும்பிடு வாங்கிட்டு, ஹீரோவா பஸ் ஏறிருக்கலாம். மகளும் அவுககிட்ட சொல்லலன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. எனக்காக விட்டு வச்சிருக்குது.

"யக்கா, ஓடுனதும் நான்தான். மொதல்ல ஒங்கள அனுப்பி விட்டதும் நான்தான். அன்னைக்கே மிசினு எண்பத்தெட்டுன்னு காட்டுச்சு. மூச்சுக் கொறச்சல்னு அர்த்தம். வெள்ளிக் கையின்னு நெனச்சு விட்டுட்டேன். ஒங்க வெரல நான் பாக்கவே இல்ல. அப்பவே வச்சுப் பாத்துருந்தா, இந்தக் கொழாயி, இந்த அஞ்சு நாளு, எதுவும் வேண்டிருந்துருக்காது. மாப்ள வீட்டாரும் வந்துட்டுத் திரும்பிப் போனாகளாம்."

அவுக என்னயப் பாத்தாக. மொத்தமாப் பாத்தாக. சிரிப்பு இருந்த எடம் காலி.

"இப்ப என்னத்துக்கு இதச் சொல்லுத?"

"ஒங்களுக்குத் தெரியணும்லக்கா."

கண்ண மூடுனாக. போச்சு, திரும்பிப் படுத்துருவாகன்னு நெனச்சேன். வெளிய போயிரலாம்னு ஒரு அடி எடுத்து வச்சேன். கட்டுப் போட்ட இடது கை எந்திரிச்சு, ஒரு வெரல நீட்டி, நில்லுன்னுச்சு.

"எனக்குக் கோவம் வருதுலே. நெறைய வருது." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "ஆனா தொண்ட வலிக்கி. மொதல்ல நல்லாகிக்கிறேன். நல்லானப்புறம் ஒன்னய வச்சுக்கிறேன்."

"சரிக்கா."

"ஓடிப் போயிராத."

"எங்கயும் போகலக்கா. அங்கனதான் இருப்பேன்."

வெளிய வந்து அட்டைய அந்தப் புள்ளகிட்ட குடுத்தேன். "என்ன சொன்னாக?"ன்னு கேட்டுச்சு. "நல்லானப்புறம் ஒதைக்கப் போறாகளாம்"னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குச் சிரிப்பு பீறிக்கிட்டு வந்துருச்சு, நிப்பாட்ட முடியல, சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடைக்கிறேன், வராண்டாவுல போற வர்றவுக எல்லாம் பாக்குறாக. நல்லாகப் போறாக. அவுக வாயாலயே சொல்லிட்டாக.

அந்தப் புள்ள என்னய ஒரு மாதிரி பாத்துட்டு, தரையில ஒக்காந்து இட்லிப் பொட்டலத்த மறுபடி பிரிச்சுச்சு. "நல்லா ஒதைக்கட்டும்"னு சொல்லிட்டு, ரெண்டு இட்லிய கிழிச்ச தாள்ல வச்சு எம் பக்கமா நகட்டுச்சு.